பத்துக்கு எவ்வளவு

இரவு ஒன்றரை. கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மெஷின் உருளத் தொடங்கிவிட்டது.
ஷெட்டுக் குழல்விளக்கைச் சுற்றி
ஈசல் மாதிரி மொய்க்கிறது பனி.

கோயமுத்தூரிலிருந்து வந்த பெண், பெயர் மெர்லின்,
ஸ்வெட்டருக்கு மேல் எனக்குப் பெல்ட் கட்டுகிறாள்.
இடுப்புக்கு இரண்டு பக்கமும் மோட்டார்,
தொடையில் பட்டை, முதுகில் பேட்டரி.
"மூச்சை இழுத்து விடுங்கண்ணா."
கல்யாண மாலைக்கு அப்புறம்
இவ்வளவு கவனமாய் யாரும் எனக்கு
எதையும் போட்டுவிட்டதில்லை.

கையெழுத்துக்கு முன்னால் மூன்று பக்கம் வாசித்தாள்.
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாமாம்.
சுமைத் தொழிலில் அப்படி ஒரு வரியை
நான் கேட்டதே இல்லை.
இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

பிறகு கேள்வி: வலி, பத்துக்கு எவ்வளவு?
பத்துன்னா என்னம்மா?
"உங்களால கற்பனை பண்ண முடியிற
ரொம்ப மோசமான வலி."
கற்பனைக்குப் பழகாத ஆள் நான்.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஏதோ பிதுங்கியிருக்கிறது என்று
ஊட்டி பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துக் காட்டிய அன்று
பஸ் ஸ்டாண்டு வரை குனிந்தே நடந்தேன்.
அதை ஒன்பது என்று வைத்துக்கொண்டு
ஒன்றை மிச்சம் பிடித்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.
"இப்போ?"
ஏழு போட்டுக்கோ.

முதல் மூட்டை.
குனிந்தேன், ஒன்றும் இல்லை.
நிமிரும்போது உர்ர் என்றது,
சங்கிலி நாய் தூக்கத்தில் உறுமுகிற மாதிரி.
பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.
திரும்பிப் பார்த்தேன்.
நஞ்சுண்டன் சிரித்தான்: "பேய் பிடிச்சிருச்சா?"

விடியும்போது கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.
பச்சைக் கோடு ஏறி இறங்கி ஏறி.
ஒவ்வொரு முனையும் என் ஒரு குனிவு.
அறுநூற்று நாற்பத்தேழு.
பதினெட்டு வருஷமாய் மூட்டையை எண்ணினார்கள்,
லாரியை எண்ணினார்கள்,
டீ குடிக்கப் போன நிமிஷத்தை எண்ணினார்கள்.

மேஸ்திரி ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார்.
வலி குறைஞ்சுதா என்று கேட்பார் என நினைத்தேன்.
"இதைப் போட்டா இன்னும் எத்தனை மூட்டை ஏத்துவான்?"
மெர்லின் தாளைப் புரட்டினாள்.
அந்தக் கேள்வி அதில் இல்லை.

ஒன்பதாம் நாள் உறைபனி. மிதித்த புல் நொறுங்கியது.
மூன்றே முக்காலுக்கு,
மூட்டை தோளுக்கும் லாரிக்கும் நடுவே இருந்தபோது
பேட்டரி செத்தது.
கைகொடுத்தவனே பாரமாவதைப்
பங்காளிகளிடம் பார்த்திருக்கிறேன், மெஷினிடம் இப்போதுதான்.
இரண்டு கிலோ அறுநூறு கிராம்,
மூட்டைக்கு மேல் மூட்டை.
"கழட்டிடவாண்ணா?"
வேண்டாம், முதல்ல எழுது.
எழுதினாள்: குளிர். மோட்டார் நின்றது. வலி எட்டு.
எழுதி முடித்து
கவிழ்த்த கிரேட்டிலிருந்து எழுந்தபோது
தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

உனக்கு எவ்வளவும்மா?
"என்னைக் கேக்கக் கூடாதுண்ணா."
கேரட் தண்ணீர் ஓடைக்குப் போகிற சத்தம் கொஞ்ச நேரம்.
"நாலு," என்றாள். "பஸ்ல வந்தா அஞ்சு."

இருபத்தோராம் நாள் எல்லாம் பெட்டிக்குள் போனது.
பெல்ட்டில் என் வியர்வை வெள்ளையாய்ப் பூத்திருந்தது,
துடைத்துக் கொடுத்தேன்.
கடைசித் தாளில் ஐந்து என்று சொன்னேன்.
ஐந்துதானா,
அவள் முகத்துக்காகச் சொன்னேனா, தெரியவில்லை.

சனிக்கிழமைக் கூலி வாங்கும்போது
அறுநூற்று நாற்பத்தேழு என்றேன்.
"என்ன கணக்கு அது?" என்றார் மேஸ்திரி,
நோட்டை எண்ணிக்கொண்டே.

வீட்டுக் குழாயடியில் குடத்துக்குக் குனிந்தேன்.
குனிந்தபடியே கொஞ்சம் நின்றேன்,
அந்த உறுமலுக்கு.
பின்னால் வரிசையில் நின்றவள்
"நிறைஞ்சு வழியுது, எடுங்க" என்றாள்.