பெண்கள் நேரம்

மூன்று பல்புகள் போய்விட்டதாக நகராட்சியிலிருந்து அழைத்தார்கள்.
ஜனவரி. ஊர் முழுக்க ஒலிவ ஆலைகளின் கசப்பு நெடி,
சட்டையைத் துவைத்தாலும் போகாது.
ஏணியை இடித்து இடித்து உள்ளே கொண்டுபோனேன்.
அரபுகள் வாசலை அமைத்தபோது
என் ஏணியை மனதில் வைத்திருக்கவில்லை.

டிக்கெட் மேசையில் பிராக்செதெஸ்,
கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டு.
அவள் வீட்டுக் கொதிகலன் செத்து ஐந்து நாள்.
"குளியல்கூடத்துக்குக் காவல் இருக்கிறேன்,
குளிக்கத்தான் வழியில்லை" என்றாள்.
தபால்காரரிடமும் இதையே சொல்லியிருப்பாள்.
சொல்லட்டும், நல்ல வாக்கியம்.

குளிர் அறை, வெதுவெதுப்பு அறை, வெந்நீர் அறை.
இப்போது மூன்றிலும் ஒரே குளிர்.
கூரை நெடுக எட்டுமுனை நட்சத்திரத் துளைகள்,
ஆவி போவதற்காக.
வெளிச்சம் வருகிறது.
போவதற்குத்தான் ஒன்றுமில்லை.

ஏணியின் ஏழாம் படியில்
திருகாணியை உதட்டில் கடித்திருந்தேன்.
அந்த அம்மாள் வந்தாள். ரிமோ. தெத்துவான்காரி.
மருமகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்,
பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
விளக்கப் பலகைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
காலணியைக் கழற்றினாள்.
"தரை சில்லென்றிருக்கும் அம்மா" என்று பிராக்செதெஸ் சொல்வதற்குள்
உள்ளங்கால் தரையைக் கேட்டுக்கொண்டிருந்தது,
அடியில் நெருப்பு உண்டா என்று.

இல்லை.

பிறகு அறையைத் திருத்தத் தொடங்கினாள்.
பலகையில் தூண் என்றிருந்தது
முதுகு சாய்க்கும் இடம்.
மாடம் என்றிருந்தது வாளி வைக்கும் இடம்,
சண்டை எல்லாம் அங்கேதான் மூளும்.
இந்த மூலையில் கல்யாணப் பெண்,
எதிர் மூலையில் மகனுக்குப் பெண் தேடுகிறவள்,
கண்ணாலேயே எடை போட்டபடி.
பாதியை ஸ்பானியத்தில் சொன்னாள்,
மீதியை இடுப்பால்.
பதினொரு வருடமாய் வளைவுகளின் எண்ணிக்கையை
ஒப்பித்துக்கொண்டிருந்த பிராக்செதெஸ்
வாய்விட்டுச் சிரித்தாள்.

பையிலிருந்து சொரசொரப்பான கறுப்புக் கையுறை ஒன்று வந்தது.
"இங்கே ஷவர்தான்" என்று மருமகள் திருப்பிக் கொடுத்தது.
"கையைக் கொடு."
ஒரு கோட்டு கழன்றது. இன்னொன்றும்.
கம்பளிச் சட்டை முழங்கைக்கு மேலே ஏறியது.
மேசைக்கு அடியிலிருந்து
அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
காலையில் ஆண்கள், நண்பகலுக்கு மேல் பெண்கள்,
பலகையிலேயே இருக்கிறது.
மணி பன்னிரண்டரை.
பெண்கள் குளிக்கிற அறையில்
ஏணி போட்டு ஏறி நிற்கிறான் ஒருவன்.
அந்தக் காலமென்றால் மரச்செருப்பு பறந்திருக்கும்.

இறங்கினேன்.
சத்தம் போடாத ஏணியை இன்னும் யாரும் செய்யவில்லை.
இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
குளிர் அறைக்குப் போய்ச்
சுவரைப் பார்த்து நின்றேன்,
மூன்றாவது பல்ப் சட்டைப்பையில்.

சரக். சரக்.
கல்லில் சொட்டும் தண்ணீர்.
"ஐயோ, வலிக்கிறது."
"வலிக்கணும்."
பிறகு பேச்சில்லை.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்,
குளிரிலோ, வேறெதிலோ.

ஒரு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல்
வாசலை முட்டியது. ரிமோ போய்விட்டிருந்தாள்.
உள்ளே போனேன்.
நட்சத்திரம் ஒன்று விழுந்திருந்த கல்லில்
ஈரம். ஈரத்தின் மேல்
சாம்பல் நிறத்தில் பொடிப்பொடித் திரிகள்,
தோலிலிருந்து உருண்ட அழுக்கு.
இந்தத் தரைக்கு
எத்தனை நூறு வருடம் கழித்து.

துடைப்பத்தோடு வந்த பிராக்செதெஸ்
அங்கேயே நின்றாள்.
இடக்கை சிவந்து, வலக்கை வெளிறி,
இரண்டு ஆட்களின் கைகள் போல.
"பெருக்கிவிடவா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் மின்சாரக்காரன். எனக்கென்ன தெரியும்.
"பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்றேன்.