பார்சலுக்குப் பத்து ரூபாய் கூட

வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஜவுளிக்கடையில்
மதியச் சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம்.
இருபத்தாறானால் பத்து ரூபாய் பிடித்தம்.
அதனால் ஓட்டல்களை நாங்கள்
முதலில் தூரத்தால் அறிவோம்,
பிறகு எடையால்,
ருசி கடைசி.

பைபாஸ் முக்கு மெஸ்ஸில் சோறு மலை, குழம்பு தண்ணி.
பாலத்துப் பக்கத்து ஓட்டலில் புளிக்குழம்பு அருமை,
பொரியலைத்தான் விளக்குப் பிடித்துத் தேடணும்.
செல்லையா விலாஸ் பார்சல் நூற்றிருபது.
சோற்றை அமுக்கிக் கட்டுவார்கள்,
பிரித்தால் மூச்சு விட்டு
இன்னொரு பங்கு எழும்பி வரும்.
அப்பளம் ரெண்டு.
முப்பிடாதி போய் நின்றால் மூணு.
"சிரிச்சாத் தாராங்கட்டி" என்பாள்.
காலை ஒன்பதரையிலிருந்து
பட்டுச்சேலைக்குச் சிரிக்கிற வாயில்
அப்பளத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறாள்.

நாலாம் மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே
நான், முப்பிடாதி, கிரேஸ்கனி.
ஆளுக்கு நாற்பது.
சோற்றில் விரலால் ரெண்டு கோடு போட்டால்
மூணு வயல் ஆயிரும்.
வெஞ்சனத்தில் சண்டை கிடையாது.
அவியலில் முருங்கைக்காய் கிரேஸுக்கு,
வாழைக்காய் எனக்கு,
எது கிடந்தாலும் முப்பிடாதிக்கு.
ரசத்தை டிபன் மூடியில் ஊற்றி
முறைவைத்துக் குடிப்போம்.
எல்லாம் நின்றபடி.
பெட்டிமேல் உட்கார்ந்தால்
உள்ளே சேலை மடிப்புக் கலையுமாம்.

மூணு பேருக்கும் வார லீவு
மூணு வெவ்வேறு கிழமை.
புரட்டாசியில் ஒரு புதன்
முதலாளியின் பெரிய மாமனார் தவறிப்போய்
பதினோரு மணிக்கு ஷட்டர் இறங்கியது.
முகத்தில் துக்கத்தை வைத்துக்கொண்டே
தெருமுக்கு வரைக்கும் நடந்தோம்.
திரும்பியதும் கிரேஸ்கனி சொன்னாள்:
"ஏட்டி, இன்னைக்கு எலை போட்டு
உக்காந்து தின்போமா?"

இலைச் சாப்பாடு நூற்றிப்பத்து.
பார்சலுக்குத்தான் டப்பாக் காசு பத்து ரூபாய் கூட.
ரெண்டு வருஷமாய்த் தெரியாது எங்களுக்கு.

நாற்காலி.
கால் தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே தொங்குகிற மாதிரி இருந்தது,
தொங்கவில்லை,
அதற்கு வேலையில்லை, அவ்வளவுதான்.
தண்ணீர் தெளித்துத் துடைத்தோம்.
விளம்புகிறவர் முதல் கரண்டி சோறு வைத்ததும்
மூணு பேரும் சொல்லிவைத்த மாதிரி
அவரவர் சோற்றில்
ரெண்டு கோடு போட்டோம்.

முப்பிடாதி சிரித்தாள் பாருங்கள்,
அந்தச் சிரிப்புக்கு
அப்பளம் ஒரு கூடையே தரலாம்.

மூணில் ஒரு வயல் முடிந்ததும்
வயிறு கும்பிட்டு எழுந்துவிட்டது.
சாம்பார் வாளி வந்தபோது
இலைமேல் கையை மறித்தேன்.
கிரேஸ் கணக்குப் பார்த்தாள்:
"முந்நூத்தி முப்பது குடுத்துட்டு
ஒரு பார்சல் தின்னிருக்கோம்."
"சவம், விடப்பிடாது" என்றாள் முப்பிடாதி,
இடுப்புப் பின்னைத் தளர்த்தினாள்.

அப்போது சொதி வந்தது.
புதன்கிழமைச் சொதி,
தேங்காய்ப்பால் திரிஞ்சிரும் என்று
பார்சலில் கட்ட மாட்டார்களாம்.
இஞ்சித் துவையல் ஓரத்தில்,
உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுவென்று.
அந்தத் தெருவில் இருந்துகொண்டே
ரெண்டு வருஷம் அது எங்களைத் தாண்டிப் போயிருக்கிறது.

ரெண்டாம் வயல். மூணாம் வயல்.
"இன்னும் ஒரு கரண்டி?" என்றார்.
கையை எடுத்தேன்.
பேச்சே இல்லை.
ரசத்துக்கு வந்தபோது
கிரேஸ் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள்.
நாற்பத்தொன்று.
யாரும் எதையும் பிடிக்கவில்லை.

மறுநாள் ஒன்றேகாலுக்கு
பெட்டிகளுக்கு நடுவே பார்சலைப் பிரித்தோம்.
அதே அமுக்கல், அதே எழும்பல், அப்பளம் மூணு.
கோடு போட்டோம், தின்றோம்,
மூடி ரசத்தையும் வழித்துக் குடித்தோம்.
நேரம் இன்னும் ஏழு நிமிஷம் மிச்சம்.

வெறும் இலையைச் சுற்றி
மூணு பேரும் அப்படியே நின்றோம்.
முதல் தடவையாக
பத்தவில்லை.