குசினி-2

எனக்குத் தந்த பயனர் பெயர் அதுதான்.
திலகராணி சண்முகலிங்கம்
அந்தப் பெட்டிக்குள் அடங்கமாட்டாவாம்,
ஃபிராவ் வூத்ரிக் சொன்னாள்.
கடவுச்சொல்லை நானே வைக்கலாம்.
வைத்தேன். சொல்லமாட்டேன்.

பேர்க்டோர்ஃப், முதியோர் இல்லம், திங்கள் பகல் இரண்டரை.
கழுவிய அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும் நேரம்
மாச்சாக்குகளுக்குப் பக்கத்தில் எனக்கொரு பழைய கணினி.
கிழமைச் சாப்பாட்டை இணையத்தளத்தில் ஏற்றவேண்டும்.
அம்மாவுக்கு இன்றைக்கு என்ன சூப் என்று
சூரிக்கில் இருந்தும் பிள்ளைகள் பார்க்கிறார்களாம்.
வந்து பார்க்க எட்டாத தூரம், ஒரு மணித்தியாலம்.

முதற் பாடம்: எழுதுவது ஓரிடம், தெரிவது வேறிடம்.
இது எனக்குச் சொல்லத் தேவையில்லை.
அடுப்படியில் நடப்பதெல்லாம் பந்திக்கு வருவதில்லை.

பிறகு வரைவு.
வரைவில் எவ்வளவு பிழையும் விடலாம், ஒருவருக்கும் தெரியாது.
கரட்டை நாலு விதமாய் எழுதிப் பார்த்தேன்.
வானம் இடியவில்லை.

மூன்று மாதம் நான் வெறும் பங்களிப்பாளர்.
எழுதலாம், வெளியிட ஏலாது.
பொத்தானை அழுத்தினால் வரும்:
மீள்பார்வைக்காகக் காத்திருக்கிறது.
இந்த வசனம் எனக்குப் பழைய பழக்கம்,
பேர்ண் கந்தோரில் ஆறு வருஷம்.
இங்கே, வூத்ரிக் கோப்பி குடித்து முடிக்குமட்டும்தான்.

பிறந்தநாள் பக்கமும் என் தலையில் வந்தது.
சவுக் ஐயா, தொண்ணூற்றொன்று.
உருளைக்கிழங்கு மசியலில் குழி தோண்டி
குழம்பைக் குளமாய் விட்டுக் கொடுத்தால்
தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறவர்.
படத்தை ஏற்றினேன். மாற்று உரை கேட்டது.
கண் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுமாம்.
கண்டதை எழுது, வடிவாக்காதே, என்றாள்.
எழுதினேன்:
கடதாசி முடியோடு ஒரு ஐயா. சிரிக்கவில்லை. கேக் முடிந்துவிட்டது.

நவம்பரில் ஒரு செவ்வாய், விடிய.
அன்றைக்கே எடுக்கச் சொன்னார்கள்.
இவ்வளவு சுகமென்று நினைக்கவில்லை.
ஒரு சொடுக்கு. நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை.
குப்பைக்கூடையில் போய்க் கிடந்தது,
பக்கத்தில் சின்ன எழுத்தில் "மீட்டெடு".
முப்பது நாள் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும் என்றாள்.

முப்பதா?
எங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி.
இதைக் கட்டினவனுக்கு யார் போய்ச் சொன்னது?
வூத்ரிக்குக்கு விளங்கப்படுத்த
டொய்ச்சில் ஒரு சொல் தேடினேன்.
கிடைக்கவில்லை. கையால் ஆறு காட்டினேன்,
கடலைக் காட்ட முதல் மணி அடித்தது.

திங்கள்தோறும் கூடையைத் திறப்பேன்.
இருபத்து நாலு. பதினேழு. பத்து.
ஒருதரம் கை மீட்டெடு வரைக்கும் போனது, பொய் சொல்லவில்லை.
எடுத்தால்?
முகப்பில் வாழ்த்துகளோடு வந்து நிற்பார்,
லாங்னாவில் மகள் பார்ப்பாள்.
கையை எடுத்துவிட்டேன்.

கடைசித் திங்கள் எனக்குப் பதவி கூடியிருந்தது: தொகுப்பாளர்.
ஒருவரும் மீளப் பார்க்காமல்
நான் வெளியிட்ட முதல் வரி இது:
வியாழன், உருளைக்கிழங்கு மசியல். குழம்பு தனிக் கிண்ணத்தில்.
நாற்பது கிண்ணம் ஆர் கழுவுவது என்று லூத்தி கத்தினான்.
ஆர், நான்தான்.

வியாழன் பின்னேரம் கூடை வெறுமை.
படக்களஞ்சியத்தில் மட்டும்
அந்தக் கடதாசி முடி அப்படியே இருக்கிறது.
பக்கம் போனாலும் படம் போகாதாம்.
கீழே எழுதியிருக்கிறது: எதனோடும் இணைக்கப்படவில்லை.

நான் தொடவில்லை.
நாளைக்கு மீன்.
முள் எடுத்தது என்று போடவேண்டும், மறக்க முதல்.