சொல்லுக்கு அரை சென்ட்

முதல் வேலை பனி தள்ளும் மண்வெட்டி பற்றியது.
ஐந்நூறு சொல். சொல்லுக்கு அரை சென்ட்.
"சிறந்த பனி மண்வெட்டி" என்ற தொடர்
ஏழு இடத்தில் வரவேண்டும்.
ஆறு என்றால் காசு இல்லை.

நான் கெமுண்டோ. நகுருவில்
டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பூப்பண்ணையில் ரோஜாப் பெட்டிகளுக்குச்
சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன், மார்ச் வரை.
எனக்கு எழுத வரும் என்பதற்குச் சாட்சி
சம்பள பாக்கி கேட்டு
எழுபது பேருக்காக நான் எழுதிய ஒரு கடிதம்.
அதற்குப் பதில் வரவில்லை.
பாக்கி வந்தது.

அதையெல்லாம் மாதிரிக் கட்டுரை என்று இணைக்க முடியாதாம்.
பூனையின் ஈறு பற்றி ஒன்று எழுதினேன்,
வீட்டுக் கடன் பற்றி ஒன்று.
(பூனையும் இல்லை. வீடும்.)
முப்பத்தொரு விண்ணப்பம்.
இருபத்தொன்பது மௌனம்.
ஒருவர் "தாய்மொழி ஆங்கிலமா?" என்றார்.
எகேகுசி என்றேன். அத்தோடு சரி.
கடைசி ஆள் மினசோட்டா டாரல்
விலையைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

பனி.
எனக்குத் தெரிந்தது ஆலங்கட்டி.
தேயிலையைக் கிழித்துப் போட்டுவிட்டுக்
கால் மணியில் தண்ணீராகி ஓடிவிடும்.
அதற்கு யாரும் மண்வெட்டி வாங்குவதில்லை.

கீழே கரியுகியின் இறைச்சிக் கடை.
உறைபெட்டிக்குள் சுவர் கனத்துக்குப் பனி,
கதவு மூடி இரண்டு மாதம்.
சுரண்டித் தரட்டுமா என்றேன்.
பார்த்தார்.
உகாலி கிண்டும் மரத்துடுப்பை நீட்டினார்.

மேல்பனி மாவு. அடிப்பனி கல்.
நேரே குத்தினால் வழுக்குகிறது,
சாய்த்தால் ஏறுகிறது.
விரல் முதலில் எரியும்,
பிறகு விரலே இருக்காது.
முதுகுதான் கூலி கேட்கும்.
ஈரக் கையோடு மாடிக்கு ஓடினேன்,
மின்சாரம் இன்னும் மூன்று யூனிட்.

விடியற்காலை மூன்று மணிக்கு டாரல்:
"நன்று. விரல் பற்றிய வரி வேண்டாம்,
வாங்குகிறவர் பயப்படுவார்."
எடுத்தேன்.
நானூற்று எண்பத்தெட்டு ஆனது.
பன்னிரண்டு சொல்லுக்கு அந்நேரத்தில் எங்கே போக?
"உண்மையில்" நான்கு, "மிகவும்" ஐந்து,
"குறிப்பாக" மூன்று.
தண்ணீர் கலக்காத பால்காரர் யார்?

பள்ளியில் சொல் கொடுத்துப் பொருள் கேட்டார்கள்.
இப்போது பொருள் கொடுத்துச் சொல் கேட்கிறார்கள்.
எந்தப் பொருளை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லையோ
அந்தப் பொருளைப் பற்றி.

கட்டுரை வெளியான அன்று
கரியுகியிடம் கைபேசியை நீட்டினேன்.
அடியில் ஒரு சிவந்த தாடியின் படம்:
பிராட், முப்பது குளிர்காலம் கண்டவர்.
"யார் இது?"
"நான்தான்."
"அப்போ என் துடுப்பு?"
"அதுதான் சிறந்த பனி மண்வெட்டி" என்றேன்.
ஏழு முறை எழுதியது போக
இந்த எட்டாவது இலவசம்.

கமிஷன் கழித்து இரண்டு டாலர்.
மீட்டரில் இருபது எண்ணைத் தட்டினேன்,
பதினேழாவதைத் தப்பாக அடித்து மறுபடி முதலிலிருந்து.
விளக்கு வந்தது.
ரோஜாப் பெட்டியில் கூட இப்படி நடந்ததில்லை,
என் வேலை என் தலைக்கு மேலேயே எரிவது.

டாரலின் அடுத்த செய்தி அந்த வெளிச்சத்தில்:
நீச்சல் குளத்து நீரை
நீலமாகவே வைத்திருப்பது எப்படி. எண்ணூறு சொல்.

எங்கள் குழாய்க்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் முறை.
இன்று புதன்.
வாளியில் முக்கால்வாசி இருக்கிறது,
குனிந்து பார்த்தேன்,
நீலம் வாளிக்குத்தான்.

எழுதலாம், முக்கால் சென்ட் என்று தட்டினேன்.
அனுப்பும் முன்
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்,
அவருக்குத் தெரியப்போவதில்லை என்றாலும்.