அரைப் பேருக்கு நிறம்

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே கூழ் ஆலை.
பெங்களூரா மாங்காய் லாரி லாரியாய் இறங்கும் ஆனி மாதம்.
நீராவி வால்வுகளை ஓட்ட
நான் எழுதிய சின்ன மொழி.
ஆங்கிலம் வேண்டாமென்று அடம்பிடித்துத்
தமிழிலேயே கட்டளைகள்:
திற, மூடு, நட, நில்.
எடிட்டரில் இவை நாலும் சிவப்பாகத் தெரிய வேண்டும்,
அவ்வளவுதான் கேட்டார்கள்.

திற சிவந்தது.
மூடு சிவக்கவில்லை.
நட சிவந்தது.
நில் கருப்பாகவே நின்றது.

முதலில் தீமைச் சந்தேகப்பட்டேன்.
(எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.)
வேறு தீம் போட்டேன். கோப்புப் பெயரின் வாலை மாற்றினேன்.
குறிப்புக்கான விதி முந்திக்கொண்டு
எல்லாவற்றையும் விழுங்குகிறதோ என்று
அதைக் கடைசிக்குத் தள்ளினேன்;
குறிப்புக்குள் சும்மா கிடந்த திற கூடச் சிவந்தது.
மூடு இல்லை.
கேஷை அழித்தேன். எடிட்டரை மூடினேன், திறந்தேன்.
அங்கே மட்டும் மூடு வேலை செய்தது.

ராத்திரி பன்னிரண்டே கால்.
வேகும் கூழின் இனிப்பு நெடி
துப்பட்டாவில் ஏறி உட்கார்ந்துவிட்டது.
நடேசன் டீ கொண்டுவந்தார்.
"மேடம், ஒண்ணு கேக்கலாமா.
என் பேருல பாதிக்கு மட்டும் ஏன் கலரு?"

ஷிஃப்ட் முடிகையில் கடைசி வரியில்
பொறுப்பு என்று போட்டுப் பெயர் எழுதுவார்.
இறக்கிப் பார்த்தேன்.
ந, ட இரண்டும் சிவப்பு.
இரட்டைக் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி,
புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்றின் முன்னால்
தனியாக நின்றது.
அதற்கும் பிறகு சன்.

"பத்து நாளா இப்படித்தான்.
காண்ட்ராக்ட் ஆளுங்கதானே,
அரைப் பேருக்குத்தான் குடுப்பாங்கபோலன்னு விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
நான் டீயைக் கீழே வைத்தேன்.

சொல்லின் எல்லை!
ஒவ்வொரு கட்டளைக்கும் இருபுறமும்
எல்லைக்கல் கேட்டிருந்தேன் நான்.
கல்லை நடும் எந்திரத்தின் கணக்கிலோ
கொம்பு எழுத்தில்லை, கால் எழுத்தில்லை,
புள்ளி எழுத்தே இல்லை.
மூடுவின் கடைசி உகரம் அதற்கு வெளியூர்.
அடுத்து வரும் இடைவெளியும் வெளியூர்.
வெளியூருக்கும் வெளியூருக்கும் நடுவே
எவர் கல் நடுவார்?
நில்லின் தலைப்புள்ளிக்கும் அதே கதி.
வால் இல்லாத திறவும் நடவும்தான் உள்ளூர்க்காரர்கள்.
நடேசனில், ட தாண்டியதும்
ஊர் முடிந்தது என்று ஊன்றிவிட்டது கல்லை.

எல்லையைப் பிடுங்கினேன்.
முன்னும் பின்னும் எழுத்து வரக்கூடாது,
எழுத்தின் மேலோ கீழோ பக்கத்திலோ
ஒட்டிக்கொண்ட எந்தக் குறியும் வரக்கூடாது
என்று விதியை நீட்டி எழுதினேன். சேமித்தேன்.

வால்வு நாலு மூடு.
வால்வு ஏழு மூடு.
சிவப்பு, சிவப்பு.
நில்லும் சிவந்தது,
தலையிலிருந்த புள்ளியோடு சேர்த்து.

கடைசி வரிக்கு வந்தேன்.
பொறுப்பு நடேசன்.
கொம்பு தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.
முழுப் பெயர். முழுக் கருப்பு.

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"இருந்த பாதியும் போச்சா மேடம்?"

உங்கள் பெயர் கட்டளை இல்லையே என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று
டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்,
நாலாம் வால்வு நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று
கையால் தொட்டுப் பார்க்க.