நாற்பத்தொரு சீட்டு

செருப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டி.
மூடியில் பிளேடால் கீறிய வாய்.
முதல் நாள் ஒரு மிட்டாய்க் காகிதம் விழுந்தது.
இரண்டாம் நாள், தலைமையாசிரியரின் தொப்பை, படமாக.
மூன்றாம் நாள் பொழுதோட
தூக்கிப் பார்த்தால் கனம்.

"கையெழுத்து தெரிஞ்சு போயிருமுங் மிஸ்."
யார் சொன்னது என்று நினைவில்லை.
அப்படியானால் ஒரே ஆள் எல்லாவற்றையும்
நகலெடுத்துவிடலாம் என்று முடிவாகி
முத்து முத்தாய் எழுதுகிறவள் என்று
என் தலையில் கட்டினார்கள்.

வீட்டுக்கு எதிரே ரிக் வண்டிப் பட்டறை.
ராத்திரியிலும் வெல்டிங்.
சன்னலில் நீலம் வந்து வந்து போக
சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

கொசு கடிச்சா வருமா.
ஒரே தட்டுல தின்னா?
பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருக்கே,
ஞாயித்துக்கிழமை லாட்ஜுல ஆறாம் நம்பர் ரூம் வைத்தியர்,
அவர் குணப்படுத்தறது நெசமா.
ஒண்ணுமே வெளிய தெரியாம ஒடம்புக்குள்ள இருக்குமா,
இருந்தா எத்தனை நாளைக்கு.
கல்யாணம் ஆனவங்களுக்கு வராதுல்ல.

றகரத்தின் வாலை இப்படிச் சுழிப்பவள்
ஹாஸ்டல் மிதுளா.
பச்சை மை, தேவசேனாவின் அண்ணன் பேனா.
தெரியாதது போல எழுதிக்கொண்டே போனேன்.

முப்பத்திநாலாவது
கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாள்.
'அப்பா ரிக் வண்டில ராய்ப்பூர் போய்
ஏழு மாசம் களிச்சு வந்திருக்கார்.
அம்மாவுக்குப் புண்ணு, எரிச்சல்.
கேட்டா ஒடம்பு சூடுங்கறாங்க.
எங்க கூட்டிட்டுப் போறது.
பேரு எழுதிக்குவாங்களா.'

அந்த ளகரத்தை எனக்குத் தெரியும்.
மூன்று வருடமாய் எல்லாப் பரீட்சைத் தாளிலும்
சிவப்பு மையில் வட்டம் போடப்பட்டு
என் பெஞ்சுக்கே திரும்பி வருகிற ளகரம்.
அப்படியே விட்டால் வகுப்புக்கே தெரிந்துவிடும்.
கழிச்சு, என்று எழுதினேன்.
ஓர் எழுத்து.
அவளை ஒளித்துவைக்க அது போதுமாயிருந்தது.

மலைமேல் ஆணும் பெண்ணும்
ஒரே உடம்பாய் நிற்கிற ஊர் திருச்செங்கோடு.
கீழே, பசங்களை கிரவுண்டுக்கு விரட்டிவிட்டார்கள்.
அவர்களுக்கு வியாழக்கிழமையாம்.

பெரியாஸ்பத்திரி நம்பிக்கை மையத்திலிருந்து வந்தவர்
வரிசையாக வாசித்தார், வரிசையாகச் சொன்னார்,
மளிகைக் கணக்குச் சொல்வதைப் போல.
முப்பத்திநாலு வந்தபோது மட்டும்
கண்ணாடியைக் கழற்றினார்.
"பழைய கட்டடம், மாடிப்படிக்குக் கீழ இருக்கற ரூம்.
காசு வேண்டாம். பேரு எங்களைத் தாண்டிப் போகாது.
அம்மா மட்டும் வந்து மாத்திரை தின்னாப் பத்தாது,
அப்பாவும் வரணும்."
பக்கத்தில் பேனா மூடியைத்
திறந்து மூடுகிற சத்தம். எழுதவில்லை.
பெஞ்சில், அவள் பக்கமாய்,
பென்சிலால் நான் எழுதினேன்:
பழைய கட்டடம். படிக்குக் கீழே.

தாள்களை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள்.
சனிக்கிழமை அவை
தலைமையாசிரியர் கையில் இருந்தன.
"அத்தனையும் உன் எழுத்துதானா?"
"ஆமாங் சார்."
பொய்யில்லை.
கொசு, தட்டு, லாட்ஜ், ராய்ப்பூர்,
எல்லாம் என் எழுத்து.

அம்மாவை வரச் சொன்னார்கள்.
பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு வந்தவள்
நின்றபடியே நாற்பத்தொன்றையும் படித்தாள்,
உதடு அசைய, அவசரமில்லாமல்.
"வீட்ல பாத்துக்கறனுங்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை ஒரு வார்த்தை இல்லை.
அடிப்பாள் என்று நினைத்தேன்,
சித்தப்பாவிடம் சொல்வாள் என்று நினைத்தேன்.
சுவரில் வைத்தியரின் நோட்டீஸ் மேல்
புதுசாக இன்னொரு வைத்தியர் நோட்டீஸ்.
கட்டணமில்லா டிக்கெட் இரண்டு வாங்கி
சன்னலோரம் உட்கார்ந்து
முகத்தை வெளியே வைத்துக்கொண்டு
சங்ககிரி பிரிவு தாண்டியதும் கேட்டாள்:

"ஏங்கண்ணு,
அந்தக் கல்யாணம் ஆனவங்க கேள்விக்கு
என்ன சொன்னாங்க?"