சான்று எண் பதினேழு

இந்த வீட்டில் தெலுங்கு படிப்பார்கள்,
கன்னடத்தில் சண்டை போடுவார்கள்,
கலெக்டருக்கு இங்கிலீஷில் மனு எழுதுவார்கள்.
அதனால் நான் தமிழில் எழுதினேன்.
பூட்டு தேவைப்படவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த நர்ஸ் ஞானசுந்தரி
பேறுகாலத்து நாற்பது நாளில் சொல்லித்தந்த எழுத்து.
என் ழகரம் இன்னும்
கால் முறிந்த கோழி.

மாடிச் சன்னலுக்கு நேர் கீழே களம்.
கால் போகக் கூடாத இடத்துக்குக்
கண் போகத் தடை இல்லை.
எண்ணினேன். வேறென்ன வேலை?
தொட்டமுனியன் அளந்தது பன்னிரண்டு கண்டகம் ராகி.
கர்ணம் எட்டு என்று கூவினார்.
அன்று மாலை எனக்குத் தலைவலி. அதையும் எழுதினேன்.
பூதியம்மாவின் மேட்டுக்காட்டில்
எங்கள் ஏரை விட்டுப் பிடுங்கிய நாள்
வீட்டில் ஒப்பட்டு.
இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன,
நடுவே ஒரு காற்புள்ளி.

தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்த பேப்பர்
இனி ஜமீன் இல்லை என்றது.
துரை அதைப் படித்து, நான்காக மடித்து,
குதிரைக்குக் கொள்ளு வைக்கச் சொன்னார்.
குதிரையைப் போன வருஷமே விற்றாயிற்று.

அன்றிரவு பின்கட்டில் புகை.
அறுபது வருஷத்துப் பேரேடுகள்
வெந்நீர் அடுப்புக்குள் போயின.
காலையில் தண்ணீர் நல்ல சூடு.
நான் குளித்தேன்.

செட்டில்மெண்ட் ஆபீசர் புளியமரத்தடியில் மேசை போட்டார்.
கணக்கெல்லாம் செல்லரித்துப்போனது என்று
துரை சாமிமேல் சத்தியம் செய்தார்.
உழுததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்குத்
தொட்டமுனியன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
கை ஆவணம் ஆகாது என்றார் ஆபீசர்,
கோபமில்லாமல்.

மூன்று இரவு கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு கண்டகத்தின் பின்பக்கத்தில்
பதினோரு நாள் இருந்துவிட்டுப் போன என் பெண்.
யாரும் பெயர் வைக்கவில்லை.
நான் வைத்தேன், நோட்டில் மட்டும்.
பூதியம்மா காட்டின் மறுபக்கம்
துரை என் அறைக்கு வராத இரவுகளின் கூட்டுத்தொகை.
தாளில் ஒரு பக்கத்தை மட்டும் எப்படி வெட்டுவது?

அப்படியே கொடுத்தேன்.

குமாஸ்தா உரக்கப் படித்தான்.
ராகியைப் படித்த அதே குரலில் தலைவலியைப் படித்தான்.
பக்கம் திருப்பி,
என் மகளின் பெயரையும்.
ஊர் முழுக்கக் கேட்டது.
அதன்மேல் ஊதா முத்திரை விழுந்தது:
சான்று எண் பதினேழு, சென்னாஜம்மண்ணி.

வண்டிப்பாதையில் திரும்பும்போது துரை கேட்டது ஒன்றுதான்:
நீ எப்போது தமிழ் படித்தாய்?

நோட்டு திரும்பி வரவில்லை.
சேலத்தில் ஏதோ ஓர் அலமாரியில்,
சிவப்பு நாடா கட்டி,
அவள் இருக்கிறாள்.

இது மண்ணெண்ணெய் ரசீதின் பின்புறம்.
இன்று முதல்முறையாக ராகியை
விலைக்கு வாங்கினோம்.
தொட்டமுனியனே அளந்தான்.
கூட இல்லை, குறைய இல்லை,
தலை தட்டி அளந்தான்.
நான் கீழே நின்று
எண்ணினேன்.